என்டிஎஃப்எஸ் விவரக்குறிப்பை வெளியிடுங்கள்: மைக்ரோசாஃப்டுக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் விண்டோஸின் கோப்பு முறைமைகளைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும், அவர்கள் எதை வெளியிடலாம் என்று முடிவு செய்யும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 2019 ஆகஸ்டில் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையின், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறையின், விவரக்குறிப்பை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டீர்கள். அதேபோல விண்டோஸின் முதன்மையான என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் விவரக்குறிப்பையும் முழுமையாக வெளியிடுங்கள். உங்கள் மூலநிரலை நான் கேட்கவில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் டிரைவரை, அதாவது அந்த வட்டைப் படித்து எழுதும் மென்பொருளை, திறந்து காட்டச் சொல்லவும் இல்லை. வட்டில் எந்த இடத்தில் உள்ள எந்த பைட் எதைக் குறிக்கிறது, எதை எந்த வரிசையில் எழுதினால் நடுவில் மின்சாரம் போனாலும் தரவு பிழைத்திருக்கும் என்று சொல்லும் ஆவணம் கிடைத்தால் போதும்.

ஒரு சிறு நகரத்தில் கணினி பழுதுபார்ப்பும் தரவு மீட்பும் செய்து பிழைக்கிறவன் நான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள், ஆடிட்டர் அலுவலகத்தினர், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் என்று பலரும் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். என் மேசைக்கு வரும் வட்டுகளில் பெரும்பாலானவை என்டிஎஃப்எஸ்ஸில்தான் இருக்கும். அவர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே இருப்பது அவர்களுடைய படங்கள், அவர்களுடைய கணக்குகள். அவற்றைத் திறக்கும் முறை மட்டும் உங்களிடம் இருக்கிறது.

மூலநிரலை எவரும் பார்க்கக்கூடிய திறமூல டிரைவர் நல்லதா, காசு கொடுத்து வாங்கும் டிரைவர் நல்லதா என்ற வாதம் எங்கள் தொழிலில் ஓய்வதே இல்லை. யாரோ ஓய்வு நேரத்தில் எழுதியதை நம்பி வாடிக்கையாளரின் தரவை ஒப்படைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உள்ளே என்ன செய்கிறது என்று காட்டாத ஒன்றை இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் விடலாமா என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டு கேள்வியுமே நியாயமானவைதான். ஆனால் என்டிஎஃப்எஸ்ஸைப் பொறுத்தவரை இந்த வாதம் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிறது. இலவசமாகக் கொடுப்பவருக்கும் விலைக்கு விற்பவருக்கும் முன்னால் வைத்துச் சரிபார்க்க ஒரு பொது ஆவணம் கிடையாது. எது சரி என்பதற்கு ஒரே அளவுகோல் விண்டோஸ் என்ன செய்கிறது என்பதுதான். விண்டோஸ் செய்வதை வெளியிலிருந்து பார்த்து ஊகிக்க மட்டுமே முடியும்.

அந்த ஊகத்துக்கு எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். என்டிஎஃப்எஸ் 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. 1990களின் நடுவிலேயே லினக்ஸ்காரர்கள் அதைப் படிக்க முயன்றார்கள். விண்டோஸில் ஒரு கோப்பை உருவாக்குவது, வட்டைப் பைட் பைட்டாகப் பார்ப்பது, கோப்பின் பெயரை மாற்றுவது, மறுபடியும் பார்ப்பது, எவை மாறின என்று குறித்துக்கொள்வது. இப்படித்தான் எம்எஃப்டி எனும் முதன்மைக் கோப்பு அட்டவணை அவர்களுக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு, வழக்கமாக 1024 பைட். சில நூறு பைட்டில் முடிந்துவிடும் சிறு கோப்பு என்றால் தரவே அந்தப் பதிவுக்குள் உட்கார்ந்துவிடும். பெரிய கோப்பு என்றால் வட்டில் எங்கெங்கே துண்டு துண்டாகக் கிடக்கிறது என்ற பட்டியல் சுருக்கிய வடிவில் இருக்கும். இதற்கு மேல் ஒரு சூட்சுமமும் உண்டு. அந்தப் பதிவின் ஒவ்வொரு 512 பைட்டிலும் கடைசி இரண்டு பைட்டுகளை எடுத்துப் பதிவின் தலைப்பகுதியில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு சரிபார்ப்பு எண்ணை விண்டோஸ் எழுதுகிறது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் எண்கள் பொருந்தாது, உடனே தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் இது தெரியாமல் படித்தவருக்கு 512 பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட் குப்பை வந்திருக்கும், காரணமும் புரிந்திருக்காது. இதையெல்லாம் ஆவணமில்லாமல் கண்டுபிடித்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. லினக்ஸ் கர்னலில் இருந்த பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர், 2002-ல் புதிதாக எழுதப்பட்ட பிறகும், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் அதன் நீளம் மாறாமல் எழுத மட்டுமே தெரிந்ததாக இருந்தது. புதுக் கோப்பு உருவாக்க முடியாது. அது சோம்பல் இல்லை, பொறுப்புணர்வு. தெரியாத இடத்தில் கைவைத்து யாருடைய தரவையும் கெடுத்துவிடக் கூடாது என்று அந்த எல்லையிலேயே நின்றார்கள். 2006-ல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இலவச டிரைவர் வந்த பிறகுதான் சாதாரண ஆள் லினக்ஸிலிருந்து நம்பிக்கையோடு எழுத முடிந்தது. என்டிஎஃப்எஸ் பிறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய லினக்ஸ். இந்தப் பக்கம் எழுதிய வீட்டுப்பாடத்தை அந்தப் பக்கம் திறந்து பார்க்க முடிந்தால்தானே ஒரு பள்ளி மாணவி இரண்டையும் பழகுவாள்? அதற்குத் தேவையான பாலத்தைத் தன்னார்வலர்கள் ஊகத்தின் மேல் கட்டியிருந்தார்கள்.

வணிக நிறுவனங்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. என்டிஎஃப்எஸ்-3ஜி கர்னலுக்கு வெளியே, பயனர் தளத்தில் ஓடுவது, அதனால் வேகம் குறைவு. 2008-ல் தொடங்கிய டக்செரா நிறுவனம் அதே வேலையின் தொடர்ச்சியாகக் கர்னலுக்குள் ஓடும் வேகமான டிரைவரைச் சாதனத் தயாரிப்பாளர்களுக்கு விற்றது. இலவசப் பதிப்பும் தொடர்ந்து வந்தது. பாராகான் என்ற நிறுவனம் தன் என்டிஎஃப்எஸ் டிரைவரை லினக்ஸுக்கும் மேக்குக்கும் பல ஆண்டுகள் விற்றது. இந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். வாடிக்கையாளர் அழைத்தால் பதில் சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோ ரவுட்டரோ தயாரிப்பவருக்கு அந்தப் பொறுப்பேற்புக்காகப் பணம் கொடுப்பது நியாயமான கணக்குதான்.

என் மேசையில் இருக்கும் சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. என்டிஎஃப்எஸ்ஸின் லாக்ஃபைல் எனும் பதிவேட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மளிகைக்கடைக்காரர் வியாபாரம் நடக்கும்போதே சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றும் நேரத்தில் எழுந்து போக நேர்ந்தாலும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என்டிஎஃப்எஸ்ஸில் லாக்ஃபைல் செய்வதும் இதையே. எம்எஃப்டியிலோ, எந்த இடம் காலி என்று சொல்லும் பிட்மேப்பிலோ, கோப்புறைகளின் அட்டவணையிலோ ஒரு மாற்றம் செய்யும்போது அது முதலில் அங்கே பதிவாகும். மாற்றத்தை மறுபடி செய்வதற்கான தகவல், அதைத் திரும்பப் பெறுவதற்கான தகவல் இரண்டும் இருக்கும். மின்வெட்டு ஏற்பட்டால், அடுத்த முறை வட்டை இணைக்கும்போது விண்டோஸ் அதைப் படித்து எல்லாவற்றையும் ஒத்த நிலைக்குக் கொண்டுவருகிறது. மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர்களில் வாழும் எங்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். என்டிஎஃப்எஸ் வட்டுகள் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அதை வடிவமைத்தவர்களுக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் அந்தச் சிட்டையின் எழுத்து உங்களுக்கு மட்டுமே முழுதாகப் படிக்க வரும். உங்கள் ஆவணப் பக்கங்களில் எம்எஃப்டி பதிவின் தலைப்பகுதி, பண்புகளின் அமைப்பு போன்ற சில துண்டுகள் இருக்கின்றன. இல்லை என்று நான் சொல்லவில்லை. லாக்ஃபைலின் உள்ளே எந்தச் செயலுக்கு எந்தக் குறியீடு, மீட்பின்போது எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும், பதிப்பு 1.1-க்கும் பிந்தைய விண்டோஸ்கள் பயன்படுத்தும் 2.0-க்கும் என்ன வேறுபாடு, இவற்றை விளக்கும் ஆவணத்தை நீங்கள் வெளியிடவில்லை. அதன் விளைவைச் சொல்கிறேன்.

ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை முறையாகக் கழற்றாமல் இழுத்துவிட்டார் என்று வையுங்கள். வட்டில் 'சுத்தமாக மூடப்படவில்லை' என்ற குறி நின்றுவிடும். அதை லினக்ஸில் செருகினால் இன்றைய கர்னலில் உள்ள என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இணைக்கவே மறுக்கும், கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்தால் ஒழிய. இல்லையென்றால் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி இருக்கிறது. அது ஒருசில பிழைகளைச் சரிசெய்து, லாக்ஃபைலை வெறுமையாக்கி, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று குறிவைத்துவிடும். அதாவது மீட்பதற்காக எழுதிவைத்த குறிப்பையே அழித்துவிட்டு நகர்கிறது. அந்தக் கருவியை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் செய்யும் வேலையை இது செய்யாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் வாடிக்கையாளருக்கு நான் சொல்லும் ஆலோசனை, விண்டோஸ் உள்ள ஒரு கணினியைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான். லினக்ஸ் மட்டும் வைத்திருக்கும் ஒரு கல்லூரியோ, மேக் மட்டும் வைத்திருக்கும் ஒரு படத்தொகுப்பாளரோ தன் சொந்த வட்டைப் பழுதுபார்க்க இன்னொருவரின் விண்டோஸ் கணினியைக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இதை மேலும் சிக்கலாக்கியது. பயனர் 'ஷட் டவுன்' அழுத்துகிறார். ஆனால் விண்டோஸின் கர்னல் உறங்கப் போகிறதே தவிர முழுதாக அணைவதில்லை. வட்டு இன்னும் அதன் பிடியில்தான் இருக்கிறது. இரட்டை இயங்குதளக் கணினியில் லினக்ஸுக்குள் நுழைந்தவர், தன் டி டிரைவ் ஏன் படிக்க மட்டும் திறக்கிறது என்று கேட்டு என்னிடம் வருகிறார். கண்ட்ரோல் பேனலில் எங்கே போய் எந்தக் குறியை எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். டிரைவர்கள் இந்த நிலையில் எழுத மறுப்பது சரியான முடிவு. மறுக்காவிட்டால் உறங்கி எழும் விண்டோஸ் தன் நினைவில் உள்ள பழைய நிலையை நம்பி வட்டைக் குழப்பிவிடும்.

சரி, விவரக்குறிப்பை வெளியிட்டால் உண்மையிலேயே என்ன மாறும்? இதற்கு ஊகம் தேவையில்லை. உங்கள் எக்ஸ்ஃபேட்டே சாட்சி.

எக்ஸ்ஃபேட் 2006-ல் வந்தது. 2009-ல் எஸ்டிஎக்ஸ்சி நினைவக அட்டைகளுக்கு அதுவே தரம் என்று ஆனது. 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை வாங்கிக் கேமராவில் போடும் யாரும் அதைத் தவிர்க்க முடியாத நிலை. ஆனால் காப்புரிமையின் பயத்தால் பல லினக்ஸ் வழங்கல்கள் அதற்கான டிரைவரை உள்ளே சேர்க்கவில்லை. அந்தப் பயம் வெறும் கற்பனையாகவும் இருக்கவில்லை. எக்ஸ்ஃபேட்டுக்கு முந்தைய ஃபேட் முறைமையின் காப்புரிமைகளை வைத்து 2009-ல் வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம் மீது நீங்கள் வழக்குத் தொடுத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். 2013-ல் சாம்சங்கின் எக்ஸ்ஃபேட் டிரைவர் கசிந்து, அதில் மூலநிரலைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் மீறல் இருந்தது தெரியவந்து, திறமூல உரிமைகளைக் காக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பின் முயற்சியால் முறைப்படி வெளியானது. அதன் பிறகும் காப்புரிமைச் சிக்கலால் அது கர்னலுக்குள் போகவில்லை.

2018 அக்டோபரில் நீங்கள், லினக்ஸைக் காப்புரிமை வழக்குகளிலிருந்து காக்க நிறுவனங்கள் கூடிய ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்தீர்கள். 2019 ஆகஸ்டில் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸ் கர்னலில் எக்ஸ்ஃபேட் வருவதை ஆதரிப்பதாகவும் அறிவித்தீர்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 5.4-ல் ஒரு டிரைவர் சோதனை நிலையில் இடம்பிடித்தது. 2020 மே இறுதியில் வந்த 5.7-ல் சாம்சங் பொறியாளர்கள் எழுதிய, அதைவிடச் சிறந்த டிரைவர் வந்தது. பத்தாண்டுக்கும் மேல் அசையாதிருந்த காரியம் ஓர் ஆண்டுக்குள் முடிந்தது. எழுதும் திறமை முன்பும் இருந்தது. ஆவணமும் காப்புரிமை உறுதியும் மட்டுமே இல்லாமல் இருந்தன.

வணிக டிரைவர்களுக்கு அப்போது என்ன ஆனது என்பதும் பார்க்க வேண்டியது. 2020 மார்ச்சில் பாராகான், திறமூல எக்ஸ்ஃபேட் டிரைவரின் தரம் குறித்தும் பராமரிப்பு குறித்தும் வெளிப்படையாகவே ஐயம் எழுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நிறுவனம், தான் விற்றுவந்த என்டிஎஃப்எஸ் டிரைவரை ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸ் கர்னலுக்கு அனுப்பியது. சுமார் 27,000 வரிகள், ஒரே பொட்டலமாக. இதை யார் படித்துப் பார்ப்பது என்று கர்னல்காரர்கள் பிரித்து அனுப்பச் சொன்னார்கள். திருத்தத்துக்கு மேல் திருத்தமாக ஓர் ஆண்டு ஓடி, 2021 அக்டோபர் இறுதியில் வெளியான லினக்ஸ் 5.15-ல் அது என்டிஎஃப்எஸ்3 என்ற பெயரில் சேர்ந்தது. விற்பனைப் பொருளை இப்படிக் கொடுத்தது பெரிய செயல், நான் மனமாரப் பாராட்டுகிறேன். லாக்ஃபைலை மறுஓட்டம் செய்யத் தெரிந்த டிரைவர் முதல்முறையாகப் பொதுவில் கிடைத்தது. படிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்ட பழைய டிரைவர் 2024-ல் லினக்ஸ் 6.9-ல் கர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் 2022-ன் தொடக்கத்தில் சில மாதங்கள் அந்தப் புதிய டிரைவரின் பராமரிப்பாளரிடமிருந்து சத்தமே இல்லை. திருத்தங்கள் தேங்கின. இது கைவிடப்பட்டுவிட்டதா என்று கர்னல் உருவாக்குநர்களிடையே கேள்வி எழுந்தது. பிறகு அவர்கள் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தச் சில மாதங்களில் நான் கவனித்தது இதுதான்: மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தது, ஆனாலும் அதை எடுத்து நடத்த வேறு யாரும் துணியவில்லை. இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது, விண்டோஸ் உண்மையிலேயே இப்படித்தான் செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை. எக்ஸ்ஃபேட்டில் அப்படியில்லை. ஒரு பிழை வந்தால் விவரக்குறிப்பின் எந்தப் பகுதி மீறப்பட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டலாம். பராமரிப்பாளர் மாறினாலும் வேலை நிற்காது. திறமூலம் தரும் பாதுகாப்பு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது என்டிஎஃப்எஸ் விஷயத்தில் பாதிதான் வேலை செய்கிறது. மீதிப் பாதி உங்கள் அலமாரியில் இருக்கிறது.

இதைவிட முக்கியமான முன்னுதாரணம் ஒன்றும் உங்களிடமே உண்டு. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் உங்களுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்து, பிற சர்வர்கள் விண்டோஸுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவல்களை வெளியிடச் சொன்னது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில், விண்டோஸோடு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர உதவும் திறமூல மென்பொருளான சம்பாவின் குழுவினர் 10,000 யூரோ கட்டி நெறிமுறை ஆவணங்களைப் பெற வழி பிறந்தது. 2008 பிப்ரவரியில் 30,000 பக்கங்களுக்கு மேல் நீங்களே இலவசமாக வெளியிட்டீர்கள். அதனால் விண்டோஸ் சர்வர் வியாபாரம் படுத்துவிட்டதா? இன்று எஸ்எம்பி எனும் அந்தக் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் உங்கள் பொறியாளர்களும் சம்பா பொறியாளர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து சோதனை செய்கிறார்கள்.

அதனால் இன்று ஒரு விசித்திரமான நிலை. ஒரு கோப்பு விண்டோஸ் கணினியிலிருந்து கம்பி வழியாக என் லினக்ஸ் கணினிக்கு வந்தால் அதன் ஒவ்வொரு பைட்டுக்கும் விளக்கம் உண்டு. என்டிஎஃப்எஸ் சுருக்கத்தில் பயன்படும் எல்இசட்என்டி1 முறையைக்கூட அந்த ஆவணங்களில் விளக்கியிருக்கிறீர்கள். அதே கோப்பு வட்டில் உட்கார்ந்து, அந்த வட்டைக் கையால் தூக்கிக்கொண்டு வந்தால் முழு விளக்கம் கிடையாது. நெட்வொர்க் வழியாகச் சொல்லலாம் என்று முடிவு செய்ததை வட்டு வழியாக ஏன் சொல்லக் கூடாது? ஃபேட் டிரைவரின் மூலநிரலையே விண்டோஸ் டிரைவர் மாதிரிகளில் வைத்திருக்கிறீர்கள். 2024-ல் எம்எஸ்-டாஸ் 4.00 மூலநிரலை எம்ஐடி உரிமத்தில் கொடுத்தீர்கள். 2025 மே மாதம் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லைத் திறந்தீர்கள். திறப்பதற்கு மனமில்லாத நிறுவனம் என்று உங்களை இன்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய தடைகளையும் யோசித்துப் பார்த்தேன். முதலில் பாதுகாப்பு. வடிவமைப்பைச் சொல்லிவிட்டால் தாக்குபவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடுமே என்பீர்கள். 2025 மார்ச்சில் நீங்கள் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் என்டிஎஃப்எஸ் டிரைவரில் இருந்த ஓட்டைகளும் அடக்கம். தாக்குபவர்கள் அவற்றை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று நீங்களே அறிவித்தீர்கள். கவனமாகக் கெடுத்து உருவாக்கிய ஒரு வட்டுப் படிமத்தை யாரையாவது இணைக்க வைத்தால் போதும் என்ற வகை அது. ஆவணம் இல்லாதது அவர்களைத் தடுக்கவில்லை. என்டிஎஃப்எஸ்-3ஜியிலும் 2021 ஆகஸ்டில் இதே வகையான ஓட்டைகள் கூட்டமாகக் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டன. அவற்றில் பல, வட்டில் உள்ள ஓர் எண் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்க்காததால் வருபவை. அந்த எல்லைகளைச் சொல்லும் ஆவணம் இருந்தால் தற்காப்பவர்கள்தான் அதிகம் பயனடைவார்கள். தாக்குபவர்களுக்கு அவகாசமும் பணமும் ஏராளம், அவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, ஆவணமாக்கிவிட்டால் எதிர்காலத்தில் மாற்ற முடியாமல் கட்டுண்டுவிடுவோம் என்ற கவலை. என்டிஎஃப்எஸ்ஸின் பதிப்பு எண் 3.1. அது 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தது, இன்றும் அதேதான். அதன் மேல் நீங்கள் சேர்த்தவை பல, குறிப்பாக விண்டோஸ் 10-ல் வந்த கோப்புச் சுருக்கமும் சர்வரில் உள்ள இரட்டிப்பு நீக்கமும். இவை, கோப்பைத் தனி முறையில் திறக்கச் சொல்லும் புதிய ரீபார்ஸ் குறிகளாக, பழைய வடிவத்தைக் கலைக்காமல் சேர்ந்தவை. கால் நூற்றாண்டு அசையாமல் நிற்கும் ஒன்றை எழுதிவைப்பதால் யாருடைய கையும் கட்டப்படாது. ஆப்பிள் 2018-ல் தன் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் குறிப்பேட்டை வெளியிட்டது, கோப்பு முறைமை வந்து ஓராண்டு கழிந்திருந்தபோதே. உங்களுக்கு அதைவிட நிதானமான நிலை.

பிறர் எழுதிய டிரைவர் கெடுத்த வட்டுக்கும் பழி உங்கள் மேல் விழும் என்று யாராவது சொன்னால், அந்தப் பழி இப்போதே உங்கள் மேல்தான் விழுகிறது என்பேன். வட்டு திறக்கவில்லை என்றால் 'விண்டோஸ் ஹார்ட் டிஸ்க் போச்சு' என்றுதான் என்னிடம் வருகிறார்கள். ஊகத்தில் எழுதிய டிரைவர்கள் குறையக் குறைய அப்படிக் கெடும் வட்டுகளும் குறையும்.

அப்புறம், வணிக நிறுவனங்களின் பிழைப்பு. மேக்கில் ஆப்பிள் தரும் டிரைவர் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க மட்டுமே செய்கிறது. எழுத வேண்டும் என்றால் பாராகானிடமோ டக்செராவிடமோ விலைக்கு வாங்குகிறார்கள், அல்லது மேக்கில் பயனர் தள டிரைவர்களை ஓட்டவைக்கும் மேக்ஃபியூஸை வைத்து என்டிஎஃப்எஸ்-3ஜியை ஓட்டுகிறார்கள். அந்த மேக்ஃபியூஸின் கதையைத் திறமூலத் தரப்பில் இருக்கும் நாங்கள் மறக்கக் கூடாது. பல நிறுவனங்கள் அதைத் தங்கள் விற்பனைப் பொருளோடு சேர்த்துக் கட்டி விற்றுக்கொண்டு, எழுதியவருக்கு எதையும் திருப்பித் தரவில்லை. ஒரு கட்டத்தில் அவர் அதன் மையப் பகுதியின் மூலநிரலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வேகத்துக்கும், சோதித்து உறுதியளிப்பதற்கும், நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் தொலைபேசிக்கும் கொடுக்கிற ஊதியம் அது. ஒரு ரகசியத்தை ஊகித்து வைத்திருப்பதற்கு வாடகை வாங்குவது அவர்களுக்குமே பிடித்த தொழிலாக இருக்காது. விவரக்குறிப்பு வந்தால் அந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் முதலில் மகிழ்வார்கள் என்றே நினைக்கிறேன்.

மேக் பக்கம் இப்போது நல்ல தருணமும் கூட. ஆப்பிளின் சொந்தச் சில்லான ஆப்பிள் சிலிக்கான் உள்ள மேக்கில் கர்னலுக்குள் ஓடும் டிரைவரை நிறுவ வேண்டுமென்றால் மீட்பு முறைக்குள் போய்ப் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டும். எந்த ஸ்டுடியோக்காரரிடமும் அதைச் செய்யச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆப்பிளின் எஃப்எஸ்கிட் வசதி வந்த பிறகு பயனர் தளத்திலேயே முறையான கோப்பு முறைமை டிரைவர் எழுத வழி திறந்திருக்கிறது. எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஆவணம்தான் வேண்டும்.

எதிர்த்திசையைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உள்ள வட்டைத் திறக்க நீங்கள் டபிள்யூஎஸ்எல்2 வழியாக வசதி செய்தீர்கள். அதற்குள் ஓடுவது அசல் லினக்ஸ் கர்னல், இஎக்ஸ்டி4-இன் அமைப்பு எவரும் படிக்கக்கூடியது. யாரும் உங்களை ஊகிக்க விடவில்லை. அந்த உதவியைத் திருப்பிச் செய்யும்படி கேட்கிறோம், அவ்வளவே.

நான் கேட்கும் ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக வந்தால் பயனில்லை. எம்எஃப்டி பதிவுகள், பண்புகள், கோப்புறை அட்டவணைகள் பற்றி எங்களுக்குப் பெரும்பாலும் தெரியும். அவற்றை எக்ஸ்ஃபேட் ஆவணத்தில் செய்ததுபோல, ஒவ்வொரு புலத்துக்கும் ஏற்கத்தக்க மதிப்புகளோடு உறுதிப்படுத்தினால் போதும். உழைப்பு செல்ல வேண்டிய இடம் லாக்ஃபைல். இரண்டு பதிப்புகளுக்கும், மீட்பின் ஒவ்வொரு படியோடும் அது வேண்டும். ஒரு வட்டு ஒழுங்காக இருக்கிறது என்று செக்டிஸ்க் எதை வைத்து முடிவு செய்கிறது, முரண்பாடு வந்தால் எம்எஃப்டியை நம்புமா, கோப்புறை அட்டவணையை நம்புமா என்ற விதிகள் வேண்டும். அவை இருந்தால்தான் விண்டோஸுக்கு வெளியே உண்மையான பழுதுபார்க்கும் கருவி பிறக்கும். கூடவே, வேண்டுமென்றே பல வகையில் பாதியில் நிறுத்திய சில வட்டுப் படிமங்களையும், மீட்புக்குப் பிறகு அவை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் கொடுத்தால், இலவச டிரைவர் எழுதுபவரும் விற்பவரும் ஒரே தேர்வை எழுதுவார்கள். எந்த டிரைவர் நல்லது என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நானும் அன்று ஆதாரத்தோடு பதில் சொல்வேன்.

சட்டப் பக்கத்தில், எக்ஸ்ஃபேட்டுக்குச் செய்ததையே செய்யுங்கள். 1993-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். பிற்காலச் சேர்க்கைகளுக்கு மட்டும் ஓபன் இன்வென்ஷன் நெட்வொர்க் வழியாகவோ, 2006-லிருந்து நீங்கள் வைத்திருக்கும் திறந்த விவரக்குறிப்பு உறுதிமொழி வழியாகவோ ஒரு வரி உறுதி கொடுத்தால் வழக்கறிஞர்களின் கேள்வி முடிந்துவிடும்.

உங்கள் புதிய கோப்பு முறைமையான ஆர்இஎஃப்எஸ் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. விண்டோஸ் 11-ல் மென்பொருள் உருவாக்குநர்களுக்கான டெவ் டிரைவ் அதன் மேல்தான் நிற்கிறது. சர்வர்களைத் தாண்டி மக்களின் மேசைக்கு அது வரத் தொடங்கிவிட்டது. அதன் விவரக்குறிப்பையும், இன்னொரு தலைமுறை பைட் பைட்டாக ஊகிக்கத் தொடங்கும் முன்பே வெளியிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தர வேண்டியதில்லை. லாக்ஃபைல் அத்தியாயம் ஒன்றை மட்டும் முதலில் வெளியிட்டாலும் என்டிஎஃப்எஸ்3-இலும் என்டிஎஃப்எஸ்-3ஜியிலும் வேலை செய்பவர்கள் அன்றே அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எந்தப் பகுதியை எப்போது தர முடியும் என்று ஒரு கால அட்டவணையைப் பொதுவில் அறிவியுங்கள். தர முடியாத பகுதி ஏதாவது இருந்தால் அது எது, ஏன் என்பதையும் பொதுவிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு தரவு மீட்புத் தொழிலாளி